திருகோணமலையில் மலிவு விலைக்கு "டிஜிட்டல் கேம்" வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கேமுக்கு 7,500 ரூபா. அதற்குப் பிறகு ஒன்லைன் எக்கவுண்டில் காசு ஏற்றுகிற இலக்கம், கோட் என்பார்கள், பத்து டொலருடையது ஆறு, ஒன்று 3,400 படி 20,400. மொத்தம் 27,900 ரூபா. இதற்கு இன்று எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது டிவித் திரையில் கேமின் படத்துக்குப் பக்கத்தில் தெரிகிற ஒரு சின்னப் பூட்டு. அந்தக் கேமை நேராக ஒன்லைன் கடையிலேயே வாங்கியிருந்தால் 70 டொலர், டொலரை 300 என்று வைத்தால் 21,000 ரூபா. கோட் வாங்கிய காசு எப்படியும் கரைந்திருக்கும் என்று அக்கா சொல்கிறா, அது வேறு கதை, அதற்கும் வருகிறேன்.

கடையின் பெயரைப் போடப் போவதில்லை. டவுனுக்குள் இந்த வேலை செய்கிற கடை ஒன்று மட்டும் இல்லை, பேஸ்புக்கில் மட்டும் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு பெயரைப் போட்டால் அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்ததில் போய் விழுவீர்கள்.

ஒக்டோபரில் என் மருமகனுக்குப் பிறந்தநாள், பதினைந்து வயது. கொன்சோல், அதாவது டிவியில் மாட்டி கேம் விளையாடுகிற பெட்டி, அவனுடைய சித்தப்பா கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது, பிளேஸ்டேஷன் 5, டிஸ்க் போடும் வாய் இல்லாத மலிவு வகை. வாங்கும்போது அதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. டிஸ்க் போடலாம் என்றால் பழைய டிஸ்க் ஒன்றை யாரிடமாவது வாங்கி, விளையாடி முடித்து, பாதி விலைக்காவது தள்ளிவிடலாம். இதில் ஒன்லைனில் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அங்கே எக்கவுண்ட் திறக்கப் போனால் நாடுகளின் பட்டியலில் இலங்கையே இல்லை. அமெரிக்கா என்றோ வேறு நாடு என்றோ போட்டுத்தான் திறக்க வேண்டும், அந்த நாட்டு விலாசம் இல்லாததால் எங்கள் வங்கி அட்டையை நம்ப முடியாது, ஆகவே யாரிடமாவது கோட் வாங்கித்தான் காசு ஏற்ற வேண்டும். ஆரம்பத்திலிருந்தே நடுவில் ஓர் ஆள் இல்லாமல் நடக்காத வியாபாரம் இது.

அந்த நடுவாளிடம் போனோம். மழை தூறிக்கொண்டிருந்ததால் கொன்சோலைத் துவாயில் சுற்றிப் பெடியனின் ஸ்கூல் பேக்கில் வைத்துக் கொண்டுபோனோம். போன் கவர் தொங்குகிற கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருந்த தம்பி கல்குலேட்டரில் 70 ஐ 300 ஆல் பெருக்கி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். பிறகு அதை அழித்துவிட்டு 7500 என்று அடித்தான்.

"எப்படித் தம்பி இவ்வளவு குறைவு?"

"ஒஃபர் அண்ணா. ஒரிஜினல்தான். பிரைமரி. ஒரு பிரச்சினையும் வராது."

கொன்சோலை அவனே டிவியில் மாட்டி, ஏதோ ஒரு ஈமெயிலையும் பாஸ்வேர்டையும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடித்து, டவுன்லோடைத் தொடங்கிவிட்டுத் தந்தான். தரும்போது மருமகனைப் பார்த்து, "இந்த எக்கவுண்டிலேயே விளையாடுங்கோ தம்பி, வேற ஒண்டுக்கு மாத்த வேண்டாம்" என்றான். முழு மோசடியும் அந்த ஒரு வரியில்தான் இருந்தது. எனக்கு அன்றைக்கு அது அக்கறையாகச் சொன்ன மாதிரி இருந்தது.

இது எப்படி நடக்கிறது என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது. ஓர் எக்கவுண்டில் ஒரு தடவை 70 டொலர் கொடுத்து கேமை வாங்குவார்கள். அந்த எக்கவுண்டை ஒரு கொன்சோலில் "பகிர்வுக்குத் திறந்து" வைக்கலாம், அப்படி வைத்த கொன்சோலில் வேறு எந்த எக்கவுண்டில் இருந்தும் விளையாடலாம், நெட் இல்லாவிட்டாலும் திறக்கும். இதைத்தான் கடைக்காரர்கள் பிரைமரி என்கிறார்கள். ஒரு குடும்பத்துக்குள் பாவிக்கத் தந்த வசதி. அந்த இடத்தை ஒருவருக்கு விற்றுவிட்டு, அதே எக்கவுண்டின் பாஸ்வேர்டை இன்னொருவரின் கொன்சோலில் அடித்துக் கொடுப்பார்கள், அது செகண்டரி. அவர் அந்த எக்கவுண்டுக்குள் இருந்துதான் விளையாட வேண்டும், நெட் இருக்கவும் வேண்டும். பழைய பிளேஸ்டேஷன் 4 இலும் ஓடுகிற கேம் என்றால் அங்கேயும் இதே மாதிரி இன்னொரு சோடி. ஒரு கேமை நாலு பேருக்கு 7,500 படி விற்றால் 30,000. போட்டது 21,000. எக்கவுண்ட் விற்பதே கம்பனியின் விதிப்படி தடை, கண்டுபிடித்தால் எக்கவுண்டையே மூடுவார்கள், மூடினால் நட்டம் நாலு வீட்டுக்கும். கடைக்கு இல்லை.

எங்களுக்குப் பிரைமரி என்று சொல்லித் தந்தது செகண்டரி. அதாவது மருமகன் இரண்டு மாதமாக இன்னொருவனுடைய எக்கவுண்டுக்குள் இருந்து விளையாடியிருக்கிறான்.

அடுத்தது கோட். அது ஒரு கால்பந்து கேம், அதில் சொந்தமாக ஓர் அணி கட்டலாம். ஆட்டக்காரர்கள் பொதியாக வருவார்கள், பொதிக்குள் யார் இருப்பார் என்று திறந்தால்தான் தெரியும். விளையாடி விளையாடி நாணயம் சேர்த்தும் பொதி வாங்கலாம், காசு கொடுத்துப் பாயிண்ட்ஸ் ஏற்றியும் வாங்கலாம். ஏறக்குறையப் பத்து டொலருக்கு 1,050 பாயிண்ட்ஸ். பொதி விலைகளைப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் பாயிண்ட்ஸ் மிஞ்சும், ஆனால் அடுத்த பொதிக்குப் போதாது. சந்தையில் மீன் வாங்கினால் மிச்சக் காசாவது ரூபாவாகக் கைக்கு வரும்.

அவன் தன் கழகத்துக்கு "ட்ரின்கோ மான்கள்" என்று பெயர் வைத்தான். கோட்டைப் பக்கம் திரிகிற புள்ளிமான் நினைவில் வைத்ததாம். முதல் கோட் நான் வாங்கிக் கொடுத்தது, பிறந்தநாள் என்று. மற்ற ஐந்தும் அம்மம்மா கொடுத்ததும் தீபாவளிக்குச் சேர்ந்ததுமாக அவனே அதே கடையில் வாங்கியது. ஆறு கோட்டும் போய் ஏறியது யாருடைய எக்கவுண்டில்? கடையுடையதில். எங்கள் வீட்டுக் காசைக் கொண்டுபோய் கடைக்காரனின் உண்டியலுக்குள் நாங்களே போட்டிருக்கிறோம், அதுவும் டொலருக்கு 340 ரூபா படி அவனுக்கு இலாபமும் கொடுத்து.

நடுவில் சில அறிகுறிகள் தெரியாமல் இல்லை. ஆட்டத்தின் நடுவே வேறு இடத்தில் யாரோ உள்ளே வந்ததாகச் சொல்லி இவனை வெளியே தள்ளும். ஒன்லைன் ஆட்டத்தில் இடையில் போனால் தோல்விக் கணக்கு. திரும்ப உள்ளே போக ஆறு இலக்கம் கேட்கும், அது கடைக்காரனின் போனுக்குத்தான் வரும், வட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். போயா நாளில் கடை பூட்டு, போனும் எடுக்க மாட்டான். "சேர்வர் பிரச்சினை அண்ணா" என்றான், நானும் சரி என்று விட்டுவிட்டேன். நெட் எங்களுக்கும் மழைக்கு விழுந்து எழும்புகிற சாமான்தானே.

டிசம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் மாலை பூட்டு விழுந்தது. பாஸ்வேர்ட் பிழை என்றது. கடைக்குப் போனேன். முதலில், சப்ளையர் கொழும்பில், அவர் மாற்றியிருப்பார் என்றான். பிறகு, தம்பிதான் இரண்டு இடத்தில் லொக்இன் பண்ணியிருப்பான், அதனால் கம்பனி தடை போட்டிருக்கும் என்றான். எங்களிடம் இருப்பதே ஒரு கொன்சோல். பிறகு 3,000 ரூபா தந்தால் வேறு எக்கவுண்ட் போட்டுத் தரலாம் என்றான். கோட் காசு? "அது நீங்க பாவிச்சது அண்ணா. வொரண்டி கேமுக்குத்தான்." அதே கேமின் வொரண்டியைக் கேட்டபோது ஒரு மாதம் முடிந்துவிட்டதாம். பில் என்று என்னிடம் இருந்தது "கேம் 1 – 7500" என்று பேனையால் எழுதிய துண்டு, கடைப் பெயர் இல்லை, சீல் இல்லை. "பிரைமரிதான்" என்று அவன் அனுப்பியிருந்த குரல் செய்தியை நான் கடையில் நிற்கும்போதே அழித்துவிட்டான். நுகர்வோர் விவகார அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம், ஆனால் சொல்ல யாருடைய பெயரில் என்ன கடுதாசி இருக்கிறது என்னிடம்? பிழை என்னுடையதும்தான்.

கடைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. 21,000 ரூபாவை ஒரு விளையாட்டுக்கு எங்கள் ஊரில் எத்தனை பேர் எடுத்துக் கொடுப்பார்கள்? பெரிய கேம்களின் விலை 60 டொலர் என்று கனகாலம் நின்றது, 2020 இல் புதிய கொன்சோல்கள் வந்தபோது 70 ஆனது, 2025 இல் 80 டொலருக்கும் ஒன்று வந்துவிட்டது. அங்கே பத்துப் பத்தாக ஏறியது. இங்கே 2022 மார்ச்சில் ரூபாவின் பெறுமதியைப் பிடித்து வைத்திருந்ததைக் கைவிட்டபோது 200 இல் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 அளவுக்குப் போனது, இரண்டும் ஒன்றாக எங்கள் தலையில். கம்பனிகள் செலவு கூடிவிட்டது என்கின்றன, அது பொய்யில்லை. 2023 இல் அமெரிக்க நீதிமன்றத்துக்குக் கொடுத்த ஓர் ஆவணத்தில் தொகைகளை மறைக்க அடித்த கறுப்பு மை சரியாகப் பிடிக்காததால், "த லாஸ்ட் ஒஃப் அஸ் 2" என்ற கேமை எடுக்க 220 மில்லியன் டொலர் போனது என்று ஊருக்கே தெரிந்துபோனது. சரி, செலவு இருக்கிறது. ஆனால் 70 ஐ வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்த பிறகும் ஒவ்வொரு அறைக்கும் காசு கேட்பதற்குப் பெயர் என்ன?

அதுவும் புதிதில்லை. 2006 ஏப்ரலில் "ஒப்லிவியன்" என்ற கேமில் குதிரைக்குப் போடும் கவசத்தை மட்டும் தனியாக இரண்டரை டொலருக்கு விற்றார்கள், உலகமே சிரித்தது. (எங்களுக்கு 2006 என்றால் மாவிலாறு, மூதூர்ச் சண்டை. குதிரைக் கவசம் எங்கே தெரியப் போகிறது.) 2017 இல் "ஸ்டார் வோர்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2" வந்தபோது டார்த் வேடர் என்ற பாத்திரத்தைத் திறக்க 60,000 கிரெடிட், அதாவது கேமுக்குள் சேர்க்கிற நாணயம், வேண்டும், கணக்குப் பார்த்தவர்கள் அதற்கு 40 மணி நேரம் விளையாட வேண்டும் என்றார்கள், முழு விலை கொடுத்து வாங்கிய கேமில். அப்போது சிரிப்பு வரவில்லை, சண்டைதான் வந்தது, கம்பனி கிரெடிட்டைக் குறைத்தது. அடுத்த வருடம் பெல்ஜியம், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் காசு கொடுத்து வாங்குகிற பொதிகளைச் சூது என்று சொல்லிவிட்டது, 2019 ஜனவரியோடு அங்கே ஃபிஃபா கால்பந்து கேமுக்குப் பாயிண்ட்ஸ் விற்பதையே நிறுத்தினார்கள். அங்குள்ள பதினைந்து வயதுப் பெடியனைக் காப்பாற்ற ஒரு சட்டம் இருந்தது. எங்கள் பெடியனுக்கு அம்மம்மாவின் காசுதான் இருந்தது.

அக்கா சொன்னது இதைத்தான். ஒழுங்கான எக்கவுண்டில் வாங்கியிருந்தாலும் வருடா வருடம் செப்டம்பரில் புதுக் கேம் வரும், இந்த அணி அங்கே போகாது, 20,400 ரூபாவும் எப்படியோ போயிருக்கும் என்று. மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை. காசு கொடுத்து வாங்கிய கேமும் எங்களுடையது என்று சொல்ல முடியாத காலம் இது. 2014 இல் வந்த "த க்ரூ" என்ற கார் ஓட்டுகிற கேமின் சேர்வரை 2024 மார்ச் 31 இல் நிறுத்திவிட்டார்கள், வாங்கி வைத்திருந்தவர்களாலும் பிறகு ஓட்ட முடியவில்லை.

இனி வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், கடையை விட்டு வெளியே வருவதற்கு முதல் ஒன்றைச் செய்யுங்கள். கொன்சோலில் உங்கள் பிள்ளையின் சொந்த எக்கவுண்டை முதலே திறந்து வைத்துக்கொண்டு போங்கள். கடைக்காரன் எல்லாம் போட்டு முடித்ததும் அந்த எக்கவுண்டுக்கு மாறி, நெட்டையும் நிறுத்திவிட்டு, கேமைத் திறந்து பாருங்கள். பூட்டுப் படம் தெரிந்தால் காசைக் கொடுக்காமல் எழும்பி வாருங்கள். திறந்தாலும் அது இன்னொருவரின் எக்கவுண்ட் தயவில்தான் ஓடுகிறது, இன்றில்லாவிட்டால் நாளைக்குப் பூட்டலாம், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். கோட் வாங்கினால் கீறின இலக்கத்தைப் படம் எடுத்து வைத்துவிட்டு, பிள்ளையின் எக்கவுண்டில் மட்டும் ஏற்றுங்கள். கடை "நாங்களே ஏத்தித் தாறம்" என்றால் வேண்டாம். டிஸ்க் வாய் உள்ள கொன்சோல் கொஞ்சம் விலை கூடத்தான், ஆனால் வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் சொல்லும்போது அதைச் சொல்லுங்கள். வெளிவந்து ஒரு வருடமான கேமை விலைக்கழிவு நேரத்தில் பார்த்தால் பல தடவை பாதி விலைக்கும் கீழே நிற்கும், பெடியன்கள் "எல்லாரும் புதுசு விளையாடுறாங்கள்" என்று முகத்தைத் தூக்குவார்கள், தூக்கட்டும்.

நேற்று மருமகன் போனைக் கொண்டுவந்து காட்டினான். அந்தக் கடையின் பேஸ்புக் பக்கத்தில் புது விளம்பரம். "ரெடி டீமோடு, 9,000 மட்டும், லிமிடெட் ஸ்டொக்." டவுன்லோட் பண்ணுகிற சாமானுக்கு என்ன ஸ்டொக் என்று நான் கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் படத்தை விரலால் பெரிதாக்கினான். மேல் மூலையில் கழகத்தின் பெயர் இருந்தது. ட்ரின்கோ மான்கள்.