அம்பாசிடருக்கு முழு பிரேக் வேலை: மூன்றரை ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் வீட்டு அம்பாசிடர் 1987ஆம் ஆண்டு அப்பா வாங்கிய மார்க் 4. அவருக்குப் பிறகு நான்கு ஆண்டுகள், கோபிச்செட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்துச் சாளையில் தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது. 2021ஆம் ஆண்டின் கடைசியில் அதை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்தபோது, எஞ்சின் இரண்டு நாள் வேலையில் பிடித்துக்கொண்டது. பிரேக்தான் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. ஓடாமல் நிற்கும் வண்டியில் தேய்மானம் இருக்காது என்று எண்ணியிருந்தேன். ரப்பருக்கும் பிரேக் ஆயிலுக்கும் கிலோமீட்டர் கணக்கு ஒரு பொருட்டே இல்லை, அவை ஆண்டுக் கணக்கில்தான் முதுமை அடைகின்றன என்பதை அந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்சுவரில், ஷூ என்ற வளைந்த கட்டைகள் விரிந்து அழுத்தி வண்டியை நிறுத்தும். முன்சக்கரம் ஒவ்வொன்றிலும், ஆயில் அழுத்தத்தால் ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் இரண்டு உண்டு. இரண்டு ஷூக்களுமே டிரம் சுழலும் திசையை நோக்கி விரிவதால், சுழற்சியே அவற்றை இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். முன்னோக்கி ஓடும்போது இது நல்ல பலம். ஆனால் மேட்டில் நின்று வண்டி பின்னோக்கி உருளத் தொடங்கினால் அந்தப் பலம் கிடைக்காது. அப்போது ஹேண்ட் பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பெடலை மிதித்தால் சக்கரங்களுக்கு ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரோ ஒற்றைச் சுற்று. எந்தச் சக்கரத்தில் ஆயில் கசிந்தாலும் நான்குக்கும் பிரேக் போய்விடும். இந்த ஒரு காரணத்துக்காகவே, பழைய வண்டியில் பிரேக் வேலையைத் தவணை முறையில் செய்யக்கூடாது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆனால் நானே முதலில் தவணை முறையில்தான் செய்தேன்.

சத்தியமங்கலம் வரை ஒருமுறை ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியபோது, இடது முன்சக்கரத்தின் அருகில் கையைக் கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடு அடித்தது. ஷூக்களை மாற்றி, அந்தச் சக்கரத்துச் சிலிண்டர்களுக்குப் புதுக் கிட்டும் (உள்ளே போடும் ரப்பர் கப் முதலியவை) போட்டோம். மூன்றாம் நாளே பழைய சூடு திரும்பியது. எங்கள் மெக்கானிக், என்னைவிட இளையவர், தலையில் கை வைத்துக்கொண்டு, "ஏனுங்ணா, ஷூவும் புதுசு, கிட்டும் புதுசு, இனி இதுல மாத்தறதுக்கு என்னங்ணா இருக்குது?" என்று கேட்டார். அதன் பிறகுதான் ஒழுங்காகச் சோதித்தோம். சக்கரத்தைத் தூக்கி வைத்து, பெடலை மிதித்து விட்டபோது சக்கரம் பிடித்தபடியே நின்றது. சிலிண்டருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுக்கு மேலே, பாடிப் பக்கத்து இரும்புப் பைப்பின் நட்டைத் தளர்த்தினோம். அப்போதும் சக்கரம் விடவில்லை. சிலிண்டரின் ஏர் எடுக்கும் (ஆயிலில் சேர்ந்த காற்றை வெளியேற்றும்) நிப்பிளைத் திறந்தவுடன் ஆயில் பீய்ச்சிக்கொண்டு வந்தது, சக்கரம் இலேசாகச் சுற்றியது. மேலே திறந்தும் விடாமல் கீழே திறந்ததும் விட்டதால், அழுத்தம் இரண்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் ஹோஸில்தான் மாட்டிக்கொண்டிருந்தது. மேலே திறந்தபோதே சக்கரம் விட்டிருந்தால் மாஸ்டர் சிலிண்டரைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும்.

கழற்றிய ஹோஸை பிளேடால் நீளவாக்கில் கிழித்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்புக்கூட இல்லை, துடைத்தால் கறுப்பாக மின்னியது. உள்ளே ரப்பர் உப்பித் துளையை நெருக்கியிருந்தது. சாக்குத் தைக்கும் கோணூசியை நுழைத்தேன், ஓரிடத்துக்கு மேல் போகவில்லை. காலின் பலத்தில் ஆயில் அந்த இடுக்கைத் தாண்டிச் சிலிண்டருக்குப் போய்விடும்; ஷூக்களின் ஸ்பிரிங் இழுக்கும் பலத்துக்கு அது திரும்பி வராது. அந்தத் துண்டை இன்றும் வைத்திருக்கிறேன். பழைய வண்டி வாங்குபவர்கள் யார் வந்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

அதற்குப் பின் எதையும் பாக்கி வைக்காமல் எல்லாவற்றையும் கழற்றினோம். ஆறு வீல் சிலிண்டர்களில் நான்கின் உட்சுவரில் துருக் குழிகள் விழுந்திருந்தன. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அந்த நீர் சிலிண்டரிலும் பைப்பிலும் தங்கித் துருவை உண்டாக்குகிறது. வாய்க்கால் பாசனத்து வயல்களுக்கு நடுவே நின்ற வண்டிக்கு ஈரத்தில் குறைவிருந்திருக்காது. குழி விழுந்த சிலிண்டரில் புது ரப்பர் கப்பைப் போடுவது பணத்தை வீணாக்குவதுதான், குழியின் விளிம்பு சில மாதங்களில் கப்பை அறுத்துவிடும். ஹோனிங் செய்தும் (உட்சுவரைத் தேய்த்து மழுப்பியும்) குழி போகாத நான்கையும் கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோய், துளையைப் பெரிதாக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்லீவ் (உள்ளுறை) இறக்கி, பழைய அளவுக்கே கடைந்து வாங்கினேன். பம்புக்கும் மோட்டாருக்கும் நுணுக்கமான கடைசல் வேலை செய்து பழகிய ஊர் அது. மூன்றரை ஆண்டுகளில் அந்த நான்கில் ஒன்றுகூடக் கசியவில்லை.

கசிந்தது, நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் நம்பி ஸ்லீவ் போடாமல் விட்ட பின் வலது சிலிண்டர். அதிலும் பிழை சிலிண்டரில் இல்லை, நான் வாங்கிய கிட்டில் இருந்தது. அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டதால், பிரிக்காத பழைய இருப்பு என்றால் அந்தக் காலத்துத் தரம் என்று ஆசையோடு வாங்கிவிடுகிறோம். இரும்புச் சாமானுக்கு அது பொருந்தும். ரப்பரோ பாக்கெட்டுக்குள்ளேயே முதுமை அடைந்துவிடுகிறது. கடைக்காரரும் பிரிக்காத பழைய இருப்பு என்று சொல்லித்தான் கொடுத்தார். இரண்டாம் ஆண்டில் தூசி மறைப்பு ரப்பரைப் புரட்டியபோது உள்ளே ஈரம் பூத்திருந்தது. கழற்றிய கப்பின் உதடு நகத்தால் அழுத்தியும் வளையாத அளவுக்கு இறுகியிருந்தது. அதுமுதல் கப் வாங்கும்போது உதட்டை விரலால் மடக்கிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை.

பைப்புகள் பின் அச்சில் கிளிப் பிடிக்கும் இடங்களில் உள்ளுக்குள் துருவேறியிருந்தன. குளிர்சாதனப் பெட்டிக்குப் போடும் செம்புக் குழாயைப் போட்டுவிடலாம், வளைக்கச் சுலபம் என்று சிலர் சொன்னார்கள். வெறும் செம்பு அதிர்வில் இறுகி வெடிக்கக்கூடியது என்பதால் அதற்கு நான் சம்மதிக்கவில்லை. பூச்சுள்ள ஸ்டீல் பைப்பையே, முனையை இரட்டை மடிப்பாக மடித்துப் போட்டோம். ஆயில், டாட் 4 என்ற தர வகை. புது நிலையில் அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 155. டாட் 3க்கு இந்த அளவுகள் 205, 140. மலை இறக்கம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியமானது, ஏனென்றால் ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட வேண்டும். ஏர் எடுக்கும்போது மாஸ்டர் சிலிண்டருக்கு எட்டத்தில் இருக்கும் பின் இடது சக்கரத்தில் தொடங்கினோம்.

டிரம்களைக் கடைந்து, ஷூக்களின் மேல் உராயும் பட்டையான லைனிங்கைப் புதிதாக ரிவெட் அடித்தோம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் கம்ப்ரசர் காற்றால் தூசியை ஊதவிடாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். கடைந்த டிரம்மின் வளைவும் புது லைனிங்கின் வளைவும் ஒன்றோடொன்று பொருந்த ஏறக்குறைய 700 கிலோமீட்டர் ஆனது. அதுவரை பிரேக் மந்தமாகவே இருந்தது. அந்த நாட்களில் மலைப்பக்கம் போகாமல் கோபிக்கும் ஈரோட்டுக்கும் மட்டும் ஓட்டினேன்.

இதுவரை 22,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திம்பம் மலைப்பாதை ஏறி ஆசனூர் வரை ஒன்பது முறை போய் வந்திருக்கிறேன். 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இரண்டாம் கியரிலேயே இறங்கினால் பெடல் உயரம் மாறுவதில்லை. ஒருமுறை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு தொடர்ந்து பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டியிருந்தது. இருபதாவது வளைவைத் தாண்டும்போது பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கீழே போனது. டிரம் சூட்டில் விரிந்து ஷூவைவிட்டு விலகுவதால் ஏற்படுவது அது. ஓரங்கட்டி அரைமணி நேரம் ஆறவிட்டதும் பெடல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் மாட்டிவிடும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். தினமும் மலை ஏறி இறங்குபவருக்கு அது சரியான யோசனைதான். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை போகும் எனக்கு, ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த டிரம்மே போதுமானதாக இருக்கிறது. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஷூ இடைவெளியைச் சரிசெய்து வருகிறேன்.

ஆயிலை 2024 தை மாதத்தில் ஒருமுறை மாற்றினேன். வெளியே வந்தது தேன் நிறத்தில் இருந்தது, அடியில் கசடு இல்லை. அடுத்த மாற்றம் 2026 தையில் வருகிறது. அப்போது முன் ஹோஸ்கள் இரண்டையும், பின் அச்சுக்குப் போகும் ஹோஸையும் கழற்றி, ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி மறுபக்கம் துளையைப் பார்க்கப் போகிறேன்.