'ஐசி போயிருச்சு சார்': கிருஷ்ணகிரியில் ஒரு கார் ஸ்டீரியோ கடையில் நான் ஏமாந்தது

பழைய கார் வைத்திருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். போனில் இருப்பதைக் கார் செட்டில் கேட்க வேண்டும் என்று போய், காசே இல்லாமல் அரை நிமிஷத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 9,450 ரூபாயை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போடவில்லை. பில்லே கொடுக்காத கடை அது. பெயர் போட்டு எழுதினால் நாளைக்கு உன் மேல்தான் கேஸ் வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

எங்களுடையது 2009 மாடல் சின்னக் கார், அப்பா வாங்கியது. வாங்கிய கையோடு ஒரு பயோனியர் சிடி செட் மாட்டினார். முகப்பிலேயே ஹெட்போன் பின் சொருகும் ஓட்டை, அதாவது போனை வயரால் இணைத்துக் கேட்கும் 'ஆக்ஸ்' ஓட்டை உள்ள மாடல். இத்தனை வருஷமாக அதில் ஓடியது சிடியும் தருமபுரி வானொலியும்தான். 102.5-ஐ விட்டு ஸ்டேஷன் மாற்றினால் அப்பாவுக்குக் கோபம் வரும். அந்த ஆக்ஸ் ஓட்டையை யாரும் தொட்டதில்லை. தினமும் நெற்றியில் இட்டுக்கொண்டு அதே விரலோடு செட்டைத் திருகுவார் என்பதால் வால்யூம் குமிழியின் வரிகளில் விபூதி வெள்ளையாகப் படிந்து கிடக்கும். இந்த விபூதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்தது. அப்பாவுக்கு முழங்கால் வலி, விடிய விடியத் தரையில் உட்கார முடியாது. அதனால் நான் போய் ஒரு ராத்திரிக் கூத்து முழுவதையும் போனில் பதிவு செய்தேன். "காரில் போறப்ப போட்டுக் காட்டறேன்பா" என்று வாக்கும் கொடுத்துவிட்டேன். 120 ரூபாய்க்கு ஆக்ஸ் வயர் ஒன்று வாங்கிச் சொருகினால் சத்தமே வரவில்லை. ரேடியோவா சிடியா என்று மாற்றும் எஸ்ஆர்சி (SRC) பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் ரேடியோ, சிடி, மறுபடி ரேடியோ என்றுதான் சுற்றுகிறது. ஆக்ஸ் என்ற எழுத்தே திரையில் வரவில்லை.

சனிக்கிழமை கிருஷ்ணகிரியில் வேறு வேலை இருந்தது. அப்படியே ஒரு அக்சஸரீஸ் கடையில் காரை நிறுத்தினேன். கடைப் பையன் பின்னைச் சொருகினான், எடுத்தான், மறுபடி சொருகினான், உள்ளே போய் ஓனரைக் கூட்டி வந்தான். அவர் செட்டைத் தொடவே இல்லை. செட்டுக்குள் இருக்கும் சிப், அதாவது ஐசி, கெட்டுவிட்டது என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தே சொல்லிவிட்டார்: "ஆக்ஸ் ஐசி போயிருச்சு சார். இத்தனை வருஷத்து செட்டு, இதுக்கெல்லாம் இப்ப ஸ்பேர் வராது."

அடுத்த பத்து நிமிஷத்தில் ஒரு ஆண்ட்ராய்டு ஸ்கிரீன் டப்பாவை விட்டு வெளியே வந்திருந்தது. கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை. டப்பாவில் மட்டும் ஆண்ட்ராய்டு 13, 4 ஜிபி ராம், 64 ஜிபி என்று பெரிய எழுத்தில் ஸ்டிக்கர். விலை 8,500. ஃபிரேமும், வயர்களை வெட்டாமல் சொருகி இணைக்கும் கப்ளரும் 350. ஃபிட்டிங் 600. பழைய செட்டைக் கொடுத்தால் 500 கழித்துக்கொள்வாராம். "செத்த செட்டுக்கு ஐந்நூறே ஜாஸ்தி, உங்களுக்காகப் போடறேன்" என்றார். நானும் சந்தோஷமாகத் தலையாட்டினேன், அதுதான் இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

டீ குடித்துவிட்டு வாருங்கள் சார் என்றார்கள், போனேன். காரை விட்டு நான் நகர்ந்திருக்கவே கூடாது. திரும்பி வந்தபோது ஸ்கிரீன் மினுக்கிக்கொண்டிருந்தது. புளூடூத்தில் போனைச் சேர்த்ததும் கூத்து கேட்டது, மிருதங்கமும் முகவீணையும் கார் நிறைய. பணத்தை ஜிபே-யில் போட்டேன். பெயர் கடைப் பெயராக இல்லாமல் யாரோ ஒரு பெண் பெயராகக் காட்டியது. கேட்டதற்கு "வீட்டுக்காரங்க நம்பர்தான் சார்" என்றார். பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் பேனாவில் '1 இயர்' என்று எழுதிக் கொடுத்தார். செட்டுக்குக் கீழே சில்லறைக் காசு போடும் குட்டித் தட்டு ஒன்று இருந்தது. அது எங்கே என்று கேட்கக்கூட அப்போது தோன்றவில்லை.

மறுநாள் சேலம் போனோம். தொப்பூர் கணவாயில் இரண்டாவது கியரில் இறங்கும்போது ஸ்பீக்கரில் கொசு கத்துவது மாதிரி ஒரு சத்தம். எஞ்சின் வேகம் ஏறினால் அதுவும் ஏறுகிறது, குறைந்தால் குறைகிறது. அப்பா "கூத்து வேணாம், வானொலி வை" என்றார். 102.5-இல் வெறும் இரைச்சல்தான் வந்தது. தருமபுரிக்கு இவ்வளவு பக்கத்தில் அது கிடைக்காமல் நான் பார்த்ததே இல்லை. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் கார் வீட்டில் நின்றது. புதன்கிழமை காலையில் சாவியைத் திருகினால் 'டிக்' என்ற சத்தம் மட்டும். அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போக வேண்டிய நாள். தெருவில் நாலு பேர் தள்ளிவிட்டுத்தான் கிளப்பினோம்.

தருமபுரியில் எங்களுக்குத் தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஸ்கிரீனை வெளியே இழுத்தவர் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் "வாங்க, வந்து பாருங்க" என்றார்.

காரோடு வந்த கப்ளரை வெட்டி எறிந்திருந்தார்கள். கப்ளருக்குக் கப்ளர் மாட்டினால் ஒரு வயரைக்கூட வெட்டத் தேவையில்லை. அதற்குத்தான் என்னிடம் 350 வாங்கினார்கள். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வயரையும் பல்லால் கடித்து உரித்த மாதிரி உரித்து, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தது. வெயிலில் டேப்பின் பசை இளகி ஒரு முறுக்கில் செம்பு வெளியே தெரிந்தது. மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் கரண்டு, கடிகாரமும் ஸ்டேஷன் ஞாபகமும் அழியாமல் இருப்பதற்காக. சிவப்பு, சாவி போட்டால் மட்டும் வரும் கரண்டு, செட்டை எழுப்புவதற்கு. இந்த இரண்டையும் ஒன்றாக முறுக்கி நேராகப் பேட்டரி லைனில் கொடுத்திருந்தார்கள், நடுவில் ஃபியூஸும் இல்லை. அதாவது சாவியை எடுத்தாலும் ஸ்கிரீன் தூங்குவதில்லை, பட்டனை அழுத்தி அணைத்தாலும் வெளிச்சம் மட்டும்தான் அணைகிறது.

மீட்டர் வைத்துக் காட்டினார். எல்லாம் அணைத்த காரில் 0.6 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. நல்ல காரில் இது 0.05-க்குள் இருக்க வேண்டுமாம். எங்கள் பேட்டரி 35 ஆம்பியர்-ஹவர், அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் 35 மணி நேரம் வரும். 0.6 வீதம் 24 மணி நேரத்தில் 14 போனால் இரண்டரை நாளில் பேட்டரி காலி. புதன்கிழமை கார் கிளம்பாததற்குக் கணக்கு சரியாக இருந்தது.

கொசுச் சத்தத்துக்கு எர்த்தை, அதாவது காரின் இரும்பு உடம்போடு சேர வேண்டிய கறுப்பு வயரைக் காரணம் சொன்னார். கறுப்பு வயரைப் பெயின்ட் அடித்த ஒரு துக்கடா ஸ்குரூவில் சுற்றி விட்டிருந்தார்கள். எர்த் சரியாகப் பிடிக்காவிட்டால் ஆல்டர்னேட்டர் இரைச்சல் பாட்டோடு சேர்ந்து வரும். வானொலி வராததுக்கு ஆன்டெனா பின்னை முழுசாகச் சொருகாததுதான் காரணம். கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார், 102.5 கணீரென்று வந்தது. இத்தனைக்கும் ஃபிட்டிங் சார்ஜ் 600 ரூபாய்!

பக்கத்தில் நின்ற என் அக்கா பையன் தன் பங்குக்கு ஒரு ஆப்பை ஏற்றிச் சோதித்தான். ஆண்ட்ராய்டு 13 என்றது உள்ளே 8.1 ஆக இருந்தது. 4 ஜிபி ராம் என்றது ஒரு ஜிபி. செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால் ஸ்டிக்கரில் இருப்பதையே காட்டும்படி செய்து வைத்திருக்கிறார்கள். அதனால் செட்டிங்ஸை நம்பாதீர்கள், ஹார்டுவேர் சோதிக்கும் ஆப் ஒன்றை உங்கள் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே ஏற்றிப் பாருங்கள்.

அப்புறம்தான் அண்ணன் கேட்டார், பழைய செட் என்ன ஆச்சு என்று. ஐசி போன கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அந்தக் காலத்து செட்டுல ஆக்ஸ் மெனுவுல ஆஃப்ல இருக்கும்ணா. செட்டை ஆஃப் பண்ணிட்டு குமிழியை அழுத்திப் புடிச்சா உள்ள ஒரு மெனு வரும். அதுல ஆக்ஸை ஆன் பண்ணாத்தான் எஸ்ஆர்சி-ல தெரியும். ஐசியெல்லாம் ஒண்ணும் போயிருக்காது."

அன்றைக்கு மதியமே கிருஷ்ணகிரிக்கு வண்டியை விட்டேன். கடைக்குள் போகும்போதே பாட்டுச் சத்தம் கேட்டது. ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணும் மேஜையில், 12 வோல்ட் சப்ளையில், முகப்பு ஓட்டையில் ஒரு போனைச் சொருகிப் பாடிக்கொண்டிருந்தது ஒரு பயோனியர் செட். குமிழியின் வரிகளில் விபூதி. துடைக்கக்கூட இல்லை அவர்கள்.

"இது வேற செட்டு சார்" என்றார் ஓனர். நான் குமிழியைச் சுரண்டி விரலைக் காட்டினேன். அவர் என் விரலைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு "சரி பண்ணி வெச்சோம்" என்றார். எப்படி, ஸ்பேர்தான் வராதே என்றேன். பதில் இல்லை. ஸ்கிரீனை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்றதற்குச் சுவரைக் காட்டினார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது'. அரை மணி நேரக் கத்தலுக்குப் பிறகு, அவர் கழித்த 500-ஐத் திருப்பிக் கொடுத்தால் பழைய செட்டைத் தருவதாக இறங்கி வந்தார். கொடுத்து வாங்கி வந்தேன். என் செட்டை நானே காசு கொடுத்து வாங்கினேன் என்பதை மனைவியிடம் இரண்டு நாள் சொல்லவில்லை.

அந்தச் சுவர் போர்டு பற்றி ஒன்று. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், பில்லில் ஒன்றும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே பட்டியலில் இருக்கிறது. ஆக, போர்டு எழுதி மாட்டிவிட்டால் தப்பித்துவிட முடியாது. நான் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். ஜிபே ரசீது, கார்டின் பின்பக்கம், வெட்டிய வயர்களின் போட்டோ, ஆப் காட்டிய விவரம் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன். சரிப்படாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை.

செட்டில் ஆக்ஸ் ஓட்டையே இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். சிகரெட் லைட்டர் ஓட்டையில் சொருகும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் நானூறு ஐந்நூறுக்குக் கிடைக்கிறது. செட்டைத் தொடவே வேண்டாம், காலியான அலைவரிசையாகப் பார்த்து இரண்டிலும் வைத்தால் போதும். தருமபுரியில் காலி இடம் நிறைய இருக்கிறது. ஓசூர் தாண்டினால் பெங்களூரு ஸ்டேஷன்கள் மேலேறி வந்து உங்கள் பாட்டை விழுங்கும். கேசட் செட் வைத்திருப்பவர்களுக்கு வயர் வைத்த கேசட் அடாப்டர் அதைவிடச் சுத்தமாகக் கேட்கும். யுஎஸ்பி உள்ள செட் பென்டிரைவை எடுக்கவில்லை என்றால் அதற்கும் 'ஐசி' என்பார்கள். முதலில் பென்டிரைவை எஃப்ஏடி32 (FAT32) என்ற முறையில் ஃபார்மட் செய்து பாருங்கள். பெரிய பென்டிரைவ்கள் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற வேறு முறையில் வருகின்றன, பழைய செட்டுகளுக்கு அது தெரியாது. கடைக்கே போக வேண்டிய நிலை வந்தால் கப்ளரை வெட்டாமல் மாட்டுவதாக இருந்தால் மட்டும் கை வைக்கச் சொல்லுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள்.

எலக்ட்ரீசியன் அண்ணன் புதுக் கப்ளர் போட்டு, வயர்களைச் சால்டர் வைத்து, பழைய செட்டை மாட்டிக் கொடுத்தார், 700 ரூபாய். செட்டை ஆஃப் செய்து குமிழியை அழுத்திப் பிடித்தார். 'ஆக்ஸ் ஆஃப்' என்று வந்தது. ஒரு திருகு திருகினார். அவ்வளவுதான்.

ஸ்கிரீன் பரணில் கிடக்கிறது, புகாருக்குச் சாட்சியாக. கூத்தில் பாதி ராத்திரி வரைக்கும் அப்பா கேட்டு முடித்திருக்கிறார். அந்தக் குட்டித் தட்டு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சில்லறையெல்லாம் ஹேண்ட் பிரேக் பக்கத்தில்தான் உருண்டுகொண்டிருக்கிறது.