கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா: மூணுல எது உண்மையிலேயே உடம்புல சேருது?

காய்கறிக்கடைல கொசுறா பையில திணிச்சு விடுற மூணு இலை தான். ஆனா யூடியூப் பக்கம் போனா கறிவேப்பிலை சுகரை விரட்டுது, கொத்தமல்லி கிட்னிய கழுவி விடுது, புதினா தொப்பைய கரைக்குதுன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் லட்சக்கணக்குல தொண்டர்கள். மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தா என் கணக்கு வேற மாதிரி வருது. எது ஒசத்திங்கறத விட, எவ்ளோ இலை நிஜமா வயித்துக்குள்ள போகுது, எந்த நேரத்துல அது அடுப்புல விழுதுங்கறது தான் பெரிய விஷயம். அப்படி பாத்தா என் ஓட்டு கறிவேப்பிலைக்கு தான், ஆனா துவையலா பொடியா வர்ற கறிவேப்பிலைக்கு மட்டும், தாளிப்புல போடுறது கணக்குலயே வராது.

மொதல்ல நம்பர பாத்துடலாம். ஹைதராபாத்ல இருக்குற தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தோட பழைய அட்டவணைய தான் நம்ம டயட்டீஷியன்லாம் ரொம்ப காலமா கையில வச்சிருந்தாங்க. அதுல 100 கிராம் கறிவேப்பிலைக்கு கால்சியம் 830 மில்லிகிராம், புதினாவுக்கு 200, கொத்தமல்லிக்கு 184. வைட்டமின் சி-ன்னு வந்தா அப்படியே தலைகீழ்: கொத்தமல்லி 135, புதினா 27, கறிவேப்பிலை வெறும் 4. கண்ணுக்கு நல்லதுன்னு சொல்ற பீட்டா கரோட்டின்ல கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் கிட்டத்தட்ட சமம், 7560 மைக்ரோகிராமுக்கு 6918, புதினா 1620-லயே நின்னுடுது. ஆனா இரும்புச்சத்துல புதினா 15.6 மில்லிகிராம்னு திடீர்னு முன்னாடி வந்து நிக்கும், கொத்தமல்லி 1.42 தான். 2017-ல வந்த புது அட்டவணையில கறிவேப்பிலை கால்சியம் கொஞ்சம் இறங்கிடுச்சு, இருந்தாலும் மத்த ரெண்டும் அது கிட்ட வர முடியல.

இந்த இடத்துல தான் நிறைய பேரு கணக்க முடிச்சுட்டு வீடியோ போட்டுடுறாங்க. 100 கிராம் கறிவேப்பிலைய யாருங்க ஒரு நாள்ல சாப்பிடுறா? சாம்பாருக்கு தாளிக்கிறப்ப ஒரு ஆளு தட்டுக்கு வர்றது எட்டு பத்து இலை, எடை போட்டா ஒரு கிராம் பக்கம் வரும். அத மென்னு முழுங்கினாலே 8 மில்லிகிராம் கால்சியம் தான், இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், அதாவது ஐசிஎம்ஆர், 2020-ல பெரியவங்களுக்கு சொன்னது ஒரு நாளைக்கு 1000. அந்த எட்டு இலையையும் நம்மாளுங்க பொறுக்கி தட்டு ஓரத்துல அடுக்கி வச்சுடுறாங்க. தாளிப்புல இருக்குற கறிவேப்பிலையோட வேலை வாசனை, அத தப்பாவும் சொல்ல முடியாது, அதோட வாசனை சமாச்சாரம்லாம் எண்ணெயில கரையுற சாதி, கடுகு வெடிச்சதும் இலை விழுந்து படபடன்னு பொரியுற அந்த சில நொடியிலயே எண்ணெய்க்குள்ள எறங்கிடும், எண்ணெய் கொழம்பு பூரா பரவிடும். மணம் கெடச்சாச்சு. ஆனா கால்சியமும் நார்ச்சத்தும் இலைக்குள்ளயே உக்காந்துருக்கு, அது தட்டு ஓரத்துல இருந்து குப்பைக்கு போகுது.

துவையலுக்கு வாங்க. உளுந்தும் மிளகாய் வத்தலும் பெருங்காயமும் நல்லெண்ணெயில வறுத்து எடுத்துட்டு அதே சட்டியில உருவின இலைய ரெண்டு மூணு கைப்பிடி போட்டு, பச்சை நிறம் போகாம லேசா சுருங்குனதும் இறக்கி, புளி, உப்பு, இஷ்டம் இருந்தா ஒரு துண்டு தேங்காய் வச்சு கெட்டியா அரைச்சா, ஒரு ஆளுக்கு சுலபமா 10 கிராம் இலை உள்ள போயிடும். அதாவது 83 மில்லிகிராம் கால்சியம், பேப்பர்ல கிட்டத்தட்ட 70 மில்லி பசும்பாலுக்கு சமம். பேப்பர்லன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு, கறிவேப்பிலையில ஆக்சலேட் நல்லாவே உண்டு, அது கால்சியத்த புடிச்சு வச்சுக்கும், பால்ல இருந்து சேருற அளவுக்கு இதுல இருந்து சேராது. அதனால "கறிவேப்பிலை இருக்கு, பால் எதுக்கு"ன்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க. கரோட்டினுக்கு இந்த தொல்லை இல்ல, அதுக்கு வேண்டியது அரைபடுறதும் கூடவே கொஞ்சம் எண்ணெயும், துவையல்ல ரெண்டுமே இருக்கு. சூடு சாதத்துல நல்லெண்ணெய் ஊத்தி துவையல பெசஞ்சு சாப்பிடுறது நாக்குக்காக வந்த பழக்கமா இருக்கலாம், உடம்புக்கும் அது தான் சரியான வழி.

பொடி இன்னும் வசதி, முத்தின இலைய கூட சேத்துக்கலாம், துவையல்ல அது நார் நாரா நாக்குல தட்டும். இலைய நெழல்ல காய வைங்க, மொட்டை மாடி வெயில்ல போட்டா நிறமும் போகும் கரோட்டினும் போகும். காஞ்ச இலை, வறுத்த உளுந்து, கடலைப்பருப்பு, மிளகு, கொஞ்சம் புளி, உப்பு. இட்லிக்கும் ஆச்சு சாதத்துக்கும் ஆச்சு. பிள்ளை பெத்தவங்களுக்குன்னு மிளகு தூக்கலா வைக்கிற கறிவேப்பிலை கொழம்பும் இதே ரகம் தான், இலைய அரைச்சு ஊத்துறதால ஒதுக்கி வைக்க வழியே கெடையாது.

சரி, சுகர், முடி இதெல்லாம்? கறிவேப்பிலையில மகானிம்பின் மாதிரி கார்பசோல்னு ஒரு வகை வேதிப்பொருளுங்க இருக்கு, எலிங்க மேல நடந்த ஆய்வுகள்ல சர்க்கரை கொறஞ்சதும் உண்டு. மனுஷங்க மேல நடந்ததெல்லாம் சின்ன சின்ன ஆய்வு. அத நம்பி மெட்ஃபார்மின் மாதிரி சுகர் மாத்திரைய நிறுத்துற அளவுக்கு அங்க ஒண்ணும் இல்ல. முடி கதையும் அதே தான், தேங்கா எண்ணெயில காய்ச்சி தடவுனா மணமா இருக்கும், நரை கருப்பாகும்னு காட்டுற உருப்படியான ஆய்வு எதுவும் என் கண்ணுல படல. காலையில வெறும் வயித்துல பச்சையா ஒரு கட்டு இலைய ஜூஸ் அடிச்சு குடிக்கிற ஃபேஷன் ஒண்ணு ஓடுது, ஏற்கெனவே கிட்னி கல் வந்தவங்க அந்த பக்கமே போகாதீங்க, ஆக்சலேட் ஞாபகம் இருக்கட்டும், கால்சியத்தோட சேந்து கல்லா படியுறது அது தான்.

கறிவேப்பிலைக்கு எதிரா ஒரு பெரிய பாயிண்ட் இருக்கு, அது பூச்சிமருந்து. ஐரோப்பிய யூனியன் இந்தியாவுல இருந்து போற கறிவேப்பிலைய மருந்து மிச்சம் இருக்கான்னு தனியா லிஸ்ட் போட்டு எல்லையில சோதிச்சிருக்கு. மூணு இலை தாளிக்கிறவங்களுக்கு இது பெருசில்ல, தினமும் பத்து கிராம் அரைச்சு சாப்பிட போறவங்களுக்கு பெருசு. புளித்தண்ணில கால் மணி நேரம் ஊறப்போட்டு அப்புறம் நல்ல தண்ணில ரெண்டு மூணு தடவை அலசுறது கேரளா பக்கம் சொல்ற வழி, இல்லன்னா சொந்தமா ஒரு செடி. இவ்ளோ மருந்து எதுக்கு அடிக்கிறாங்கன்னு கேட்டா, கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்து செடி, அதுங்களுக்கு வர்ற பூச்சி எல்லாம் இதுக்கும் வரும். மாடித்தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு தெரியும், எலுமிச்சை கன்ன மொட்டையடிக்கிற அதே பச்சைப் புழு தான் கறிவேப்பிலையையும் தின்னும், அப்புறம் அழகா வண்ணத்துப்பூச்சியா பறந்து போயிடும். ஆரஞ்சு தோட்டங்கள நாசம் பண்ற நோய பரப்புற சைலிட் பூச்சியும் இதுல தங்கும், அமெரிக்காவுக்கு சூட்கேஸ்ல பச்சை கறிவேப்பிலை கொண்டு போனா ஏர்போர்ட்ல பிடுங்கி போடுறதுக்கு காரணமே அது தான்.

இப்ப கொத்தமல்லி. இதோட பலம் பச்சையா சாப்பிடலாங்கறது, பலவீனமும் அதே தான். கொத்தமல்லி வாசனை ஆல்டிஹைடுங்கற வேதிப்பொருள் வகை, சூடு பட்டா சட்டுனு பறந்துடும், வைட்டமின் சி-யும் சூடு தாங்காது, அதனால ரசம் கொதிக்கிறப்ப போடுறவங்க ரெண்டையும் தொலைக்கிறாங்க. அடுப்ப அணைச்சிட்டு இலைய தூவி மூடி வைங்க. தண்டை மட்டும் முன்னாடியே போடலாம், தண்டு தாங்கும், மணமும் இலைய விட அழுத்தமா இருக்கும், அத வெட்டி குப்பையில போடுறது தான் எனக்கு புரியாத பழக்கம். தாய்லாந்துக்காரங்க வேரையே இடிச்சு மசாலாவுல சேக்குறாங்க.

வதக்காம பச்சையா அரைச்ச கொத்தமல்லி சட்னி தான் மூணு இலையிலயும் வைட்டமின் சி-க்கு நல்ல வழி, கடைசியா அரை எலுமிச்சை பிழிஞ்சுட்டா இன்னும் ஜோர். சைவ சாப்பாட்டுல இருக்குற இரும்ப உடம்பு புடிச்சுக்கறதுக்கு வைட்டமின் சி ஒத்தாசை பண்ணும், அதனால கம்பு தோசைக்கோ கேப்பை அடைக்கோ தொட்டுக்க இது பொருத்தம். சாப்பிட்ட கையோட டீ குடிச்சு அத கெடுத்துக்காதீங்க.

பச்சையா சாப்பிடுறதுல கழுவுறது முக்கியம். 2015-ல மெக்சிகோவோட பூப்லா பகுதில இருந்து வந்த கொத்தமல்லிய அமெரிக்கா சில மாசத்துக்கு உள்ள விடாம நிறுத்துச்சு, சைக்ளோஸ்போராங்கற வயித்துப்போக்கு கிருமி தான் காரணம். நம்மூர் கட்டுல மண்ணு எவ்ளோ வருதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, கட்டை அவுத்து அகலமான பாத்திரத்துல முக்கி எடுங்க, குழாய்க்கு கீழ காட்டுனா மட்டும் வேர்ப்பக்கம் இருக்குற மண்ணு போகாது. இன்னொரு கோஷ்டி இருக்கு, அவங்களுக்கு கொத்தமல்லி சோப்பு மாதிரி நாறும். அது பிகு இல்ல, ஓஆர்6ஏ2-ன்னு ஒரு வாசனை உணர்ற மரபணுவோட சம்பந்தப்பட்டதுன்னு 2012-ல வந்த ஆய்வு சொல்லுது. வீட்ல ஒரு குழந்தை கொத்தமல்லிய துப்புச்சுன்னா திட்டாம புதினாவுக்கு மாத்திடுங்க.

கிட்னிய கழுவுது, உடம்புல இருக்குற பாதரசத்த இழுத்து வெளிய போடுதுன்னு சொல்றதெல்லாம் விட்டுடலாம், கழுவுற வேலைய கிட்னியே பாத்துக்கும். ஆனா ஒரு விஷயம் சீரியஸா சொல்லணும், கொத்தமல்லியில ரத்தம் உறைய ஒத்தாசை பண்ற வைட்டமின் கே ரொம்ப அதிகம், 100 கிராமுக்கு 310 மைக்ரோகிராம். ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் மாதிரி மாத்திரை சாப்பிடுறவங்க ஒரு வாரம் கட்டு கட்டா சட்னி, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லன்னு மாத்தி மாத்தி சாப்பிட்டா மாத்திரையோட அளவே ஆட்டம் கண்டுடும். நிறுத்த வேணாம், தினமும் ஒரே அளவா வச்சுக்கிட்டு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

புதினா தான் இந்த போட்டில அதிகமா கடன் வாங்கின பேர்ல வாழுது. ஜீரணத்துக்கு நல்லதுன்னு ஊருக்கே தெரியும், ஆனா அதுக்கு ஆதாரமா காட்டுற ஆய்வுங்க பெப்பர்மின்ட் எண்ணெய கேப்சூல்ல அடைச்சு, குடல் எரிச்சல் நோய் இருக்கவங்களுக்கு குடுத்து பாத்தது. பெப்பர்மின்ட்ல இருக்குறது மென்தால். நம்ம மார்க்கெட்ல கட்டு கட்டா வர்ற சமையல் புதினா பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகை, அதுல மணம் குடுக்குறது கார்வோன், மென்தால் பேருக்கு தான் இருக்கும். ரெண்டும் அண்ணன் தம்பி செடி தான், அதுக்காக அண்ணன் வாங்குன மார்க்க தம்பிக்கு போட முடியாது. இன்னொண்ணு, நெஞ்செரிச்சல் இருக்கவங்களுக்கு புதினாவ கொறைக்க சொல்ற டாக்டர்ங்க நிறைய, பெப்பர்மின்ட் உணவுக்குழாய்க்கு கீழ இருக்குற மூடிய தளர்த்தி விடுங்கறது தான் காரணம். ராத்திரி பத்து மணிக்கு மூக்கு முட்ட பிரியாணி தின்னுட்டு புதினா டீ குடிச்சா சரியாகிடும்னு நெனைக்கிறவங்க கவனிங்க.

புதினாவுக்கு சொந்தமா ஒரு நல்ல பேரும் இருக்கு. ஸ்பியர்மின்ட் டீ குடிச்ச, பிசிஓஎஸ்ங்கற சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை இருக்குற பெண்களுக்கு ஆண் ஹார்மோன் அளவு கொறஞ்சதா துருக்கியிலயும் இங்கிலாந்துலயும் சின்ன ஆய்வுகள் வந்திருக்கு. முகத்துல முடி வளர்றது அதனால கொறையுதான்னு பாத்தா அவ்ளோ தெளிவா இல்ல, இருந்தாலும் இது நம்ம சமையல் புதினாவையே வச்சு பாத்த விஷயம். இரும்பு 15.6-ன்னு பாத்தோமே, பத்து கிராம் இலை போட்ட துவையல்ல 1.5 மில்லிகிராம் வரும், பெண்களுக்கு ஐசிஎம்ஆர் சொல்றது ஒரு நாளைக்கு 29. சும்மா சொல்லக்கூடாது, ஒரு தொட்டுக்கைக்கு அது மோசமில்ல.

சமையல்ல புதினா நடுவுல நிக்கும், கறிவேப்பிலை அளவுக்கு எண்ணெய் சூடு தாங்காது, கொத்தமல்லி அளவுக்கு உடனே ஓடிப்போகவும் செய்யாது. ஆம்பூர் பிரியாணிலயோ வெள்ளை குருமாவுலயோ வெங்காயம் தக்காளியோட வதங்கியும் மணம் மிச்சம் இருக்குதுன்னா அதனால தான். துவையல்ல கறுத்துப் போறது எல்லார் வீட்லயும் நடக்குறது, வெட்டுப்பட்ட இலை காத்து பட்டா கறுக்கும், மிக்ஸி சூடு அத இன்னும் வேகப்படுத்தும். லேசா வதக்கி, நல்லா ஆற வச்சு, புளி சேத்து விட்டு விட்டு அரைச்சா பச்சை நிக்கும். பச்சையாவே அரைக்கணும்னா பாதிக்கு பாதி கொத்தமல்லி சேத்துக்கோங்க, புதினா தனியா இருந்தா கசப்பு தட்டும்.

வாங்கி வச்சுக்கறதுல கறிவேப்பிலை தான் லேசு, ஈரம் இல்லாம துணில சுத்தி டப்பாவுல போட்டு ஃபிரிட்ஜ்ல வச்சா பல நாள் தாங்கும். கொத்தமல்லி வேரோட இருந்தா டம்ளர் தண்ணில நிக்க வைங்க. புதினாவுக்கு அந்த கவலையே வேணாம், இலைய பறிச்சுட்டு மிச்ச தண்டை தண்ணில போட்டு வைங்க, வேர் விட்டதும் தொட்டில நட்டுடுங்க, ஆனா தனி தொட்டில நடுங்க, பக்கத்து செடிய மூச்சு விட விடாது. கொத்தமல்லிக்கு முழு தனியாவ ரெண்டா ஒடைச்சு தூவணும், சித்திரை வெயில்ல போட்டா இலை விடுறதுக்கு முன்னாடியே பூ வச்சுடும், மழை முடிஞ்சு மார்கழி பக்கம் போட்டா தான் கட்டு கட்டா அறுக்கலாம். தொட்டி வைக்க ஒரே ஒரு எடம் தான் இருக்குன்னா கறிவேப்பிலைய வைங்க. மொத வருஷம் மெதுவா தான் வரும், அப்பப்ப புளிச்ச மோர தண்ணி கலந்து ஊத்துங்க, நுனிய கிள்ளி விடுங்க, துவையலுக்கு இலை சேருற வரைக்கும் கடைல கொசுறு கேட்டு வாங்கிக்கலாம்.