ஜெனரேட்டர், செயின்சா, மகனோட பைக்: சும்மா நிக்கிற மெஷின்ல பெட்ரோல் கெடாம பாத்துக்குற என் அனுபவம்

கஜா புயலுக்கு அப்புறம் எங்க பக்கம், பட்டுக்கோட்டை பேராவூரணி சுத்துவட்டாரத்துல நிறைய வீட்டுக்கு ரெண்டு மெஷின் புதுசா வந்துச்சு. ஒன்னு மரம் அறுக்குற செயின்சா, இன்னொன்னு பெட்ரோல் ஜெனரேட்டர். 2018 நவம்பர் 16 விடியக்காலம் அடிச்ச காத்துல தென்னை லட்சக்கணக்குல சாஞ்சு கிடக்கு, கரண்டு கம்பம் எல்லாம் படுத்துருச்சு, வாரக்கணக்கா இருட்டுல கிடந்த ஜனங்க கையில காசு இருக்கோ இல்லையோ வாங்குனாங்க. அப்ப வாங்குனதுல பாதிக்கு மேல அடுத்த புயலுக்கு இழுத்தப்ப ஸ்டார்ட் ஆகல, கயிறு இழுத்து இழுத்து தோள்பட்டை தான் கழண்டுச்சு. மெஷின்ல கோளாறு ஒன்னும் கிடையாது, உள்ள கிடந்த பெட்ரோல் கெட்டுப்போச்சு.

எங்க வீட்டுல ஜெனரேட்டர், செயின்சா, புல்லு வெட்டுற மெஷின், ஒரு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக், அப்புறம் சிங்கப்பூர்ல இருக்குற மகன் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஓட்டுற எஃப்ஐ பைக் (பெட்ரோலை பம்ப் வச்சு இஞ்சினுக்கு பீச்சுற வகை), இது அஞ்சும் இருக்கு. வருஷத்துல முக்கால்வாசி நாள் சும்மா நிக்கிறது தான் இதுகளோட வேலை. இத்தனை வருஷத்துல எனக்கு எது சரியா வந்துச்சு, எதுக்கு காசு கொடுக்கலாம், எது வேஸ்ட்டுனு எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சேன், ஏன்னா ஒவ்வொரு ஐப்பசியும் யாராவது ஒருத்தர் "அண்ணே, ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகல"னு போன் பண்றாங்க.

முதல்ல பெட்ரோல் ஏன் கெடுதுனு தெரிஞ்சுக்குங்க, அது தெரிஞ்சா மிச்சம் தானா புரியும். பெட்ரோல்ங்குறது ஒரே சாமான் கிடையாது, லேசா ஆவியாகுறதும் கனமானதுமா பல வகை ஹைட்ரோகார்பன் கலந்தது. இந்த லேசான பகுதி தான் குளுந்த இஞ்சினை டக்குனு பத்த வைக்கும், ஆனா அது தான் முதல்ல பறந்தும் போகும். மிச்சம் இருக்குறது காத்துல இருக்க ஆக்சிஜனோட சேந்து மெல்ல மெல்ல பிசுபிசுன்னு கோந்து ஆகும். பெட்ரோலையும் காத்தையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புற கார்ப்பரேட்டர் அடியில இருக்க ஃப்ளோட் சேம்பர்ங்குற சின்ன கிண்ணத்துல நிக்கிறது கொஞ்சூண்டு பெட்ரோல் தான், அதனால அங்க தான் முதல்ல காயும், அங்க இருந்து பெட்ரோல் போற ஸ்லோ ஜெட் ஓட்டையோ ஊசி மொனை அளவு, அடைக்க என்ன பெரிய நேரம் ஆகப்போகுது. டேங்க்ல பெட்ரோல் நல்லா இருந்தும் மெஷின் ஸ்டார்ட் ஆகாததுக்கு பெரும்பாலும் இந்த அடைப்பு தான் காரணம்.

இதுக்கு மேல எத்தனால், பெட்ரோல்ல கலக்குற ஆல்கஹால். 2022ல அந்த கலப்பு 10 சதவீதம் ஆச்சு, 2023 பிப்ரவரியில இ20, அதாவது 20 சதவீத கலப்பு ஆரம்பிச்சாங்க, இப்ப பங்க்ல சாதாரணமா வாங்குனா இ20 தான். எத்தனாலுக்கு தண்ணி மேல ஆசை ஜாஸ்தி, ஐப்பசி அடைமழையில உப்பு ஜாடி கசியுற மாதிரி காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக்கும், நம்ம ஊரு வேற கடல் காத்து. ஒரு அளவு வரைக்கும் தண்ணி பெட்ரோலோட கலந்தே இருக்கும், அந்த அளவு தாண்டுனா எத்தனாலும் தண்ணியும் கைகோத்துக்கிட்டு டேங்க் அடியில தனியா படிஞ்சிரும். 10 சதவீத பெட்ரோல்ல லிட்டருக்கு அஞ்சு மில்லி கிட்ட தண்ணி தான் அந்த எல்லை, இ20 அதை விட கூட தாங்கும், ஆனா இழுக்குறதும் கூடத்தான். அப்படி பிரிஞ்சிருச்சுன்னா அடியில இருக்குறது இரும்பை அரிக்கும், மேல நிக்கிற பெட்ரோல்ல ஆக்டேன் (இஞ்சின்ல தட்டாம எரியுற தரம்) கொறஞ்சு போயிருக்கும், ரெண்டுமே ஆகாது.

எத்தனால் இருக்குறத கண்ணால பாக்கணும்னா ஒரு அளவு போட்ட கண்ணாடிக் குழாய்ல 50 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணியும் ஊத்தி குலுக்கி வச்சு பாருங்க, வெட்டவெளியில, நெருப்பு இல்லாத எடத்துல. கொஞ்ச நேரத்துல அடியில தண்ணி மட்டம் 10ல இருந்து 20 கிட்ட ஏறி நிக்கும். அந்த கூடுன 10 தான் எத்தனால். சிலர் இதே மாதிரி தண்ணி ஊத்தி எத்தனாலை கழுவி எடுத்துட்டு மேல இருக்க பெட்ரோலை வண்டியில ஊத்துறாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க, ஆக்டேன் போயிரும், ஈரமும் மிச்சம் இருக்கும்.

ஆனா ஒன்னு சொல்லணும், டேங்க்ல தண்ணி இருந்தாலே எத்தனால் மேல பழி போடுறது சரியில்ல. மூடுன டேங்க்குள்ள காத்து ஈரம் மட்டும் போயி அவ்வளவு தண்ணி சேர ரொம்ப நாள் ஆகும். பைக்ல தண்ணி போற வழி மூடி தான். டேங்க்கோட சமமா பதிஞ்ச மூடி இருக்க பைக்ல, மூடியை சுத்தி பள்ளத்துல ஒரு சின்ன ஓட்டை இருக்கும், அது வழியா மழைத்தண்ணி ஒரு டியூப்ல எறங்கி கீழ போகணும். அந்த ஓட்டை தூசியும் மண்ணும் அடைச்சா தண்ணி மூடி மேலயே தேங்கி ரப்பர் வழியா உள்ள எறங்கிரும். ஒரு மெல்லிசு கம்பியால குத்தி விட்டா முடிஞ்சது, ரெண்டு நிமிஷ வேலை, மழைக்கு முன்னாடி இதை செய்யாதவங்க தான் ஜாஸ்தி.

சரி, ஒவ்வொன்னுக்கும் நான் என்ன பண்றேன்னு சொல்றேன்.

ஜெனரேட்டருக்கு எங்க வீட்டு கணக்கு ஆயுத பூஜைக்கு போடணும், பொங்கலுக்கு வடிக்கணும். ஆயுத பூஜைக்கு எப்படியும் எல்லா மெஷினையும் வெளிய எடுத்து தொடைச்சு பொட்டு வைக்கிறோம், வடகிழக்கு மழையும் புயலும் அதுக்கு அப்புறம் தான் வருது, அதனால அன்னைக்கே புது பெட்ரோல் ஊத்தி, பெட்ரோல் கெடாம இருக்க கலக்குற ஸ்டெபிலைசர் மருந்தை டப்பாவுல போட்டிருக்க அளவு கலந்து, ரெண்டு ஃபேனும் ஃப்ரிட்ஜும் மாட்டி கொஞ்ச நேரம் ஓட விடுவேன். ஓட விடுறது முக்கியம், அப்பத்தான் மருந்து கலந்த பெட்ரோல் கார்ப்பரேட்டர் வரைக்கும் போகும். அப்புறம் டேங்க்ல இருந்து பெட்ரோல் எறங்குற வால்வை (பெட்ரோல் காக்) மூடிட்டு அது தானா நிக்கிற வரைக்கும் விட்டு, சேம்பர் அடியில இருக்க டிரெய்ன் ஸ்க்ரூவை லூஸ் பண்ணி மிச்ச சொட்டையும் எடுத்துருவேன். புயல் எச்சரிக்கை வந்தா அந்த வால்வை தொறந்தா போதும். தை பொறந்ததும் டேங்க்ல இருக்குறதை எடுத்து ஆர்எக்ஸ்ல ஊத்தி ஓட்டிருவோம், டேங்க் காலி. இந்த வழிக்கு வந்ததுல இருந்து ஜெனரேட்டர் கார்ப்பரேட்டரை கழட்டுற வேலையே வரல.

ஸ்டெபிலைசர் பத்தி நிறைய பேரு கேக்குறாங்க. வேலை செய்யுது, ஆனா புது பெட்ரோல்ல போட்டா மட்டும் தான். பெட்ரோல் ஆக்சிஜனோட சேருறதை தள்ளிப்போடும், அவ்வளவு தான், கெட்டுப்போனதை திருப்பி நல்லதாக்காது, பிரிஞ்ச தண்ணியை கலக்காது. ஆன்லைன்ல ஒரு சின்ன டப்பா வாங்குனா எனக்கு பல சீசன் வருது. ஜெனரேட்டர் மாதிரி பெட்ரோலோட ரெடியா நிக்க வேண்டிய மெஷினுக்கு காசு கொடுக்கலாம், மத்ததுக்கு வடிக்கிறதே போதும்னு தான் நான் சொல்லுவேன்.

மாசத்துக்கு ஒரு தடவை அஞ்சு நிமிஷம் சும்மா ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்ணா போதும்னு மெக்கானிக்குங்க சொல்லுவாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. லோடு இல்லாம அஞ்சு நிமிஷம் ஓடுனா இஞ்சின் முழுசா சூடேறாது, ஈரம் ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கிரும், பழைய பெட்ரோல் பழசாவே தான் இருக்கும். ஓட்டுறதா இருந்தா லோடு மாட்டி நல்லா சூடேற ஓட்டுங்க.

முன்னாடி பெட்ரோல்ல ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெய்க்கு மாத்துற ஜெனரேட்டர் கல்யாண வீடு, மைக் செட் கடைன்னு எங்க பாத்தாலும் இருந்துச்சு. மண்ணெண்ணெய் இவ்வளவு சீக்கிரம் கெடாது, அதனால அப்ப இந்த தலைவலி பெருசா தெரியல. இப்ப மண்ணெண்ணெய்க்கு எங்க போறது.

செயின்சாவும் புல்லு மெஷினும் டூ ஸ்ட்ரோக், ஆயில் கலந்து ஊத்துறது. 50க்கு 1னா லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1னா 40 மில்லி, எது வேணும்னு உங்க மெஷின் புக்குல பாருங்க, கடைக்காரர் வாய்ல சொல்றதை நம்பாதீங்க. கலந்ததை 30 நாளுக்கு மேல வைக்காதீங்கனு தான் பொதுவா மேனுவல்ல போடுறாங்க, நம்ம வெயிலுக்கு அது கூட ஜாஸ்தினு தோணுது. அன்னைக்கு வேலைக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு மட்டும் கலக்குறோம். மரம் அறுக்க வர்ற தம்பிங்க அஞ்சு லிட்டர் மொத்தமா கலந்து வச்சுக்கலாம்ணேனு சொல்லுவாங்க, அவங்களுக்கு தினமும் வேலை, அவங்களுக்கு சரி, எனக்கு எடுபடாது. வேலை முடிஞ்சா டேங்க்கை கவுத்து ஊத்திட்டு, அதுவா நிக்கிற வரைக்கும் ஓட விடணும். காய விட்டா கார்ப்பரேட்டர்ல இருக்க ரப்பர் டயாப்ரம் வெரைச்சுப்போகும்னு ஒரு பேச்சு இருக்கு, ஆனா ஜெர்மன் செயின்சா கம்பெனி ஸ்டீல் (Stihl), அவங்க மேனுவல்லயே மாசக்கணக்கா வைக்கணும்னா காலி பண்ணுங்க, இல்லாட்டி டயாப்ரம் ஒட்டிக்கும்னு தான் போட்டிருக்கு. என் அனுபவமும் அது தான்.

இந்த ரெண்டுக்கும் முடிஞ்சா இந்தியன் ஆயிலோட எக்ஸ்பி100 வாங்குறேன், 100 ஆக்டேன், 2020 டிசம்பர்ல வந்தது, எத்தனால் கலக்காததுனு சொல்லி தான் விக்கிறாங்க. அந்த ஆக்டேன் நம்ம மெஷினுக்கு தேவையே இல்ல, எத்தனால் வேணாம்னு தான் அந்த விலை கொடுக்குறது. சாதாரண பெட்ரோலை விட லிட்டருக்கு அம்பது ரூவாக்கு மேல கூட வரும், பெரிய ஊர்ல குறிப்பிட்ட பங்க்ல தான் கிடைக்கும், ரயில் பஸ்ல எடுத்துட்டு வரக்கூடாது. சீசனுக்கு ரெண்டு மூணு லிட்டர் செலவாகுற மெஷினுக்கு தாங்கும், பைக்குக்கு கட்டாது.

ஆர்எக்ஸ் 100ல டேங்க் இரும்பு, அதனால நிறுத்தும்போது முழுசா நெரப்பி தான் நிறுத்துவேன். பாதி டேங்க்னா மேல பாதி காத்து, பகல்ல சூடேறி ராத்திரி குளுரும்போது ஈரக்காத்தை உள்ள இழுத்து இழுத்து விடும், அங்க தான் துரு புடிக்கும். நெரப்பும்போது கழுத்து வரைக்கும் ஊத்தாதீங்க, 20 டிகிரி சூடு ஏறுனா பெட்ரோல் 2 சதவீதம் கிட்ட விரியும், வழிஞ்சிரும். பெட்ரோல் வால்வை மூடி கார்ப்பரேட்டரை காலி பண்றது இதுக்கும் உண்டு. பெட்ரோல் டியூபை அப்பப்ப தொட்டுப் பாருங்க, பழைய காலத்து ரப்பர் எத்தனாலுக்குனு செஞ்சது கிடையாது, ஊறி உப்பியிருந்தா மாத்திருங்க, விலை ஒன்னும் பெருசு இல்ல.

மகனோட பைக் பிஎஸ்6, எஃப்ஐ. கார்ப்பரேட்டர் தொல்லை கிடையாது, லைன் மூடியே இருக்குறதால பெட்ரோலும் கொஞ்சம் கூட நாள் தாங்குது. அதுக்காக அப்படியே விட முடியாது, பம்ப் டேங்க்குக்குள்ளயே தான் இருக்கு, அடியில தண்ணி படிஞ்சா முதல்ல அடி வாங்குறது அது தான், மாத்தப் போனா ஆயிரக்கணக்குல ஆகும். அவன் ஊருக்கு கிளம்புறதுக்கு முன்னாடியே புது பெட்ரோல் போட்டு ஸ்டெபிலைசர் கலந்து ஓட்டிட்டு வரச் சொல்லிருவேன். நடுவுல என் மருமகன் ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு போயி வருவாரு, பெட்ரோல் மாறிக்கிட்டே இருக்கும். அதை விட நல்ல வழி வேற எதுவும் இல்ல.

கேன் விஷயத்துல மட்டும் கொஞ்சம் கண்டிப்பா சொல்றேன். தண்ணி கேன், கூல்ட்ரிங்ஸ் பாட்டில் வேண்டவே வேண்டாம். 1934 பெட்ரோலியம் சட்டப்படி விக்கிறதுக்கு இல்லாம சொந்த தேவைக்கு லைசென்ஸ் இல்லாம 30 லிட்டர் வரைக்கும் வச்சுக்கலாம், ஆனா எதுல வைக்கணும்னும் அதுலயே இருக்கு, இறுக்கமா மூடுன உலோக கேன்னா ஒன்னுக்கு 25 லிட்டருக்கு மேல போகக்கூடாது, கண்ணாடின்னா ஒரு லிட்டர் தான். நான் பத்து லிட்டருக்கு மேல வச்சதே இல்ல, தேவையும் இல்ல. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போயி எங்கயோ இருக்க அடுப்பையோ வெளக்கையோ தேடிப் புடிச்சிரும், அதனால வீட்டுக்குள்ள, சாமி ரூம் பக்கம், மோட்டார் ஸ்விட்ச் பக்கம் வைக்காதீங்க. எங்களது தோப்புல காத்தாட ஓட்டு கொட்டகையில நிழல்ல இருக்கு, கேன் மேல வாங்குன தேதி மார்க்கர்ல எழுதியிருக்கும். ரெண்டு மாசம் ஆச்சுன்னா வண்டியில ஊத்திட்டு புதுசு வாங்கி வைப்போம். மூடியை தொறக்கும்போது மெதுவா திருகுங்க, வெயில் காலத்துல உள்ள அழுத்தம் ஏறி சீறும்.

கெட்டுப்போச்சானு பாக்க ஒரு வெள்ளை கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம், பக்கத்துல இன்னொன்னுல புது பெட்ரோல் கொஞ்சம் ஊத்தி வெளிச்சத்துல பாருங்க. நிறம் கருத்து, வார்னிஷ் வாடை அடிச்சா போச்சு. அடியில தனியா ஒரு அடுக்கு தெரிஞ்சாலும் போச்சு. வாடை நல்லாருக்கு, சும்மா நாள் ஆனது தான்னா ஒரு பங்குக்கு பத்து பங்கு புதுசு கலந்து ஓட்டலாம். கெட்டதை சாக்கடையிலயோ தென்னை மட்டை கொளுத்துறதுக்கோ ஊத்தவே கூடாது, வாயால டியூப் வச்சு உறியவும் கூடாது, கை பம்ப் இல்லாட்டி டிரெய்ன் ஸ்க்ரூ இருக்குல்ல. நாங்க தனி டப்பாவுல சேத்து வச்சு ஊருக்குள்ள இருக்க வொர்க்‌ஷாப்புல கொடுத்துருவோம்.