மடிநோய் சோதனைத் தட்டு: வாங்கலாமா?

நெல்லைப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். மடி வீங்குவதற்கு முன்பே, நோய்த்தொற்றின் அறிகுறியாகப் பாலில் வெள்ளையணு கூடியதை நான்கு குழியுள்ள இந்தத் தட்டு காட்டிவிடும். முதல் பீச்சுப் பாலைத் தரையில் விடாமல் தனிக் கிண்ணத்தில் ஒதுக்குங்கள். பிறகு தட்டில் காம்புக்கு ஒரு குழியாக 2 மில்லி பால், அதே அளவு சோதனைத் திரவம், 10 நொடி வட்டமாகச் சுழற்றல். கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில் கோளாறு. சுழற்றும்போதே பார்க்கவேண்டும், 20 நொடி கடந்தால் லேசான திரட்சி கலைந்து ஏமாற்றிவிடும். கன்று ஈன்ற முதல் வாரத்திலும் பால் வற்றும் சமயத்திலும் நல்ல மடியிலும் திரளும், பதறவேண்டாம்.

பெரிய குறை, எந்தக் கிருமி என்று சொல்லாது. தெரியாமல் ஆன்டிபயாடிக் போட்டுப் போட்டுத்தான் மருந்துக்குக் கிருமி அடங்காமல் போகிறது. காம்பு நுனியை ஸ்பிரிட்டில் துடைத்து, சுத்தமான குப்பியில் பால் பிடித்து, ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கல்ச்சர் (பாலில் உள்ள கிருமியை வளர்த்து எது என்று கண்டறியும் சோதனை) கேளுங்கள். நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.