சுங்கை சிப்புட்டில் ஒரு பழைய டிவிடி கடை, எட்டு வெள்ளிப் பேய்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் முன்பக்கம் கைபேசி கவர் விற்கும் ஒரு சின்னக் கடை இருக்கிறது, பின்னால் போனால் இரண்டு அலமாரி நிறைய பழைய டிவிடி. பழைய பேய்ப் படம் வேண்டும் என்றதும் கடைக்கார அண்ணன் ஏணி போட்டு நான்கு எடுத்துத் தந்தார். ஒன்று எட்டு வெள்ளி, அதாவது எட்டு ரிங்கிட். குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒரு டிஸ்க்கில் கீறல், பாதியிலேயே நின்றுவிட்டது. மாற்றித் தந்தார், ஆனால் இரண்டு தடவை அலையவிட்டுத்தான். தமிழ், மலாய் வசன வரிகள் எதிலும் கிடையாது, அதனால் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியே வயசான என் பாட்டிக்கு நான்தான் வாய் ஓயாமல் கதை சொன்னேன்.

முதலில் 1932-இல் வந்த ‘ஒயிட் ஸோம்பி’. ஹைத்தியில் ஒரு சர்க்கரை ஆலை, செத்தவர்களை எழுப்பி அதில் வேலை வாங்குகிறான் வில்லனாக வரும் பேலா லுகோசி. ஒருத்தன் எந்திரத்துக்குள் விழுகிறான், மற்றவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. பாட்டி வெற்றிலையை மென்றபடி “மண்டோரு எங்கடா?” என்று தோட்டத்து மேற்பார்வையாளரைத் தேடினார். ஆனால் படத்துக்குக் கவலையெல்லாம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றித்தான், ஆலையில் மாடாய் உழைப்பவனுக்குப் பெயர்கூட இல்லை.

ஒன்றுதான் வாங்குவேன் என்றால் 1943-இன் ‘ஐ வாக்ட் வித் எ ஸோம்பி’யை வாங்குங்கள். இதுவும் கரும்புத் தோட்டம்தான், ஆனால் இயக்குநர் ஜாக் தூர்னர் கறுப்பின மக்களைப் பேச விடுகிறார். முன்னோர்களைச் சங்கிலி போட்டுக் கப்பலின் அடியில் கொண்டுவந்த கதையை வண்டிக்காரர் சொல்ல, புதிதாக வந்த நர்ஸ் ‘அழகான இடத்துக்குத்தானே கொண்டுவந்தார்கள்’ என்கிறாள். ‘நீங்கள் சொன்னால் சரி’ என்று அவர் முடித்துக்கொள்கிறார். அந்தப் பணிவுக்குள் இருக்கும் குத்தல் நர்ஸுக்குப் புரியவில்லை, பாட்டிக்குப் புரிந்தது. “எங்க அப்பா ரஜூலா கப்பல்ல வந்தாரு. சங்கிலி இல்ல, கங்காணி இருந்தான்” என்றார். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மற்ற இரண்டும் 1966-இல் வந்தவை, ஹாமர் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் படங்கள், இயக்குநர் ஜான் கில்லிங் ஒரே செட்டில் அடுத்தடுத்து எடுத்தாராம். ‘தி பிளேக் ஆஃப் தி ஸோம்பிஸ்’ படத்தில் ஊர்ப் பெரிய மனிதர் ஹைத்தியில் கற்ற வித்தையை வைத்து, செத்தவர்களை ஈயச் சுரங்கத்தில் இறக்குகிறார். ஈயச் சுரங்கத்துக்குப் பேர்போன பேராக்கில் உட்கார்ந்து ஈயச் சுரங்கப் பேய் பார்ப்பது தனி அனுபவம், போங்கள். ‘தி ரெப்டைல்’தான் எரிச்சல். போர்னியோ பாம்புக் கூட்டத்தின் சாபத்தில் ஒரு பெண் பாம்பாகிறாள், சரி. அதற்குக் காரணமான வேலைக்காரனுக்குப் பெயரே வைக்கவில்லை, வெறும் ‘தி மலாய்’. நடித்தவர் கல்கத்தாவில் பிறந்த மார்னே மெயிட்லண்ட். போதாததற்கு அந்தப் பெண் சித்தார் வேறு வாசிக்கிறாள்! போர்னியோவிலேயே இருக்கும் சரவாக்கிலிருந்து வந்த என் கூட்டாளி சிரித்துச் சிரித்துத் தே தாரிக் டீயைக் கொட்டிவிட்டான்.

காசு கொடுக்கும்போது, மரியா மெனாடோ நடித்த 1957 ‘பொந்தியானாக்’ இருக்கா என்று அண்ணனிடம் கேட்டேன். இந்தியாவிலிருந்து வந்த பி.என்.ராவ் எடுத்த மலாய்ப் படம், நம் பக்கத்துப் பேய், பெயரும் முகமும் உள்ள பேய். “அதுக்குப் பிரதியே இல்லம்மா” என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கி வைத்தார்.

மாலையில் போங்கள், மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்.