லோயர் ஆர்ம் புஷ் மட்டுமா, முழு ஆர்மா? பழைய காரின் முன்பக்கச் சத்தத்துக்கு எது சரி?

பத்து பதினைந்து வயதான காரின் முன்பக்கம் தட்ட ஆரம்பித்தால், பழி பெரும்பாலும் ஷாக் அப்சார்பர் மீதுதான் விழும். அதை மாற்றிய பிறகும் அதே சத்தம் வந்தால் செலவு வீண். ஆகவே எது மலிவு, எது நீடிக்கும் என்று ஒப்பிடும் முன் எந்த மூட்டு தட்டுகிறது என்பதைக் கையால் பிடித்துப் பார்த்துவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் சாதாரண கார்களில் பரவலாக உள்ள மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்புக்குப் பொருந்தும். அதில் சக்கரத்தை மேலே பிடிப்பது ஸ்ட்ரட், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்; கீழே பிடிப்பது லோயர் ஆர்ம். அந்த ஆர்ம் வண்டியின் சட்டத்தோடு சேரும் இடத்தில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் மூட்டுதான் புஷ்.

முதல் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். சத்தம் வரும் சாலையில் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை இலேசாக மிதியுங்கள். சத்தம் நின்றால் தளர்ந்த பிரேக் பேட், அதன் கிளிப், காலிப்பர் பின் ஆகியவற்றைப் பாருங்கள். சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம். குறைந்த வேகத்தில், சின்னச் சின்னக் குழிகளில் கடகடவென்றால் முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் மேல் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு கம்பி). பிரேக் பிடிக்கும்போதோ, ரிவர்ஸிலிருந்து முன்னுக்குக் கிளம்பும்போதோ ஒரே ஒரு 'டொக்' என்றால் லோயர் ஆர்மின் பின்பக்க புஷ். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டில் (ஸ்ட்ரட்டின் மேல் முனையை வண்டியோடு பொருத்தும் பாகம்) உள்ள பேரிங் இறுகிவிட்டது என்று பொருள். வளைவில் முழுக்கத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் 'டிக் டிக்' வந்தால் அது டிரைவ் ஷாஃப்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளி ஜாயிண்ட், சஸ்பென்ஷன் அல்ல.

அடுத்து, வண்டியை ஜாக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தை 12 மணி, 6 மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் பால் ஜாயிண்ட் (ஆர்மின் வெளி முனையைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு), வீல் பேரிங் இரண்டின் தேய்மானமும் தெரியும். இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட். 3 மணி, 9 மணி நிலையில் மட்டும் ஆடினால் டை ராட், அதாவது ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி. ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பார்க்கும்போது பலர் ஏமாறுவது இங்கேதான்: ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி லிங்க்கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த லிங்க் கூட இறுக்கமாகத் தெரியும். இரண்டு சக்கரமும் ஒரே உயரத்தில் இருக்கும்போதுதான் அதை ஆட்டிப் பார்க்க வேண்டும். லிங்க் என்றால் ஒப்பீட்டுக்கே இடமில்லை. இரு பக்கமும் புதிதாகப் போட்டு, புது லாக் நட்டு வைத்து முடியுங்கள்.

சிக்கல் லோயர் ஆர்மில் என்று உறுதியானால்தான் கேள்வி வருகிறது: புஷ்ஷை மட்டும் அழுத்தி மாற்றுவதா, ஆர்மையே புதிதாகப் போடுவதா?

புஷ் மாற்றும் வழியில் வண்டியோடு வந்த நல்ல ஆர்ம் கையை விட்டுப் போவதில்லை, பாகத்தின் விலையும் குறைவு. ஆனால் வேலை நுணுக்கமானது. பத்து டன் ஹைட்ராலிக் பிரஸ் பெரும்பாலான புஷ்ஷுக்குப் போதும். துரு பிடித்ததற்கு இருபது டன் தேவைப்படலாம். அழுத்தம் புஷ்ஷின் வெளி ஸ்லீவ் வளையத்தின் மேல் விழ வேண்டும். நடுவில் அழுத்தினால் புது ரப்பர் உள்ளே போகும்போதே கிழிந்துவிடும். தகடு மடித்துச் செய்த ஆர்மில் இரண்டு சுவருக்கும் இடையே தாங்குகட்டை வைக்காவிட்டால் புஷ் உட்காரும் துளை நசுங்கி, புது புஷ் இறுக்கமாக உட்காராது. ரப்பரில் வேண்டுமென்றே விட்ட இடைவெளிகள் உள்ள புஷ் என்றால், பழையதைக் கழற்றும் முன்னே ஆர்மில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்; திசை மாறிப் போட்டால் சத்தமும் போகாது, பிரேக்கில் வண்டியும் அலையும். பழைய ரப்பரை நெருப்பு வைத்து எரித்து எடுப்பதை அறவே தவிருங்கள். புகை நஞ்சு, அலுமினிய ஆர்ம் என்றால் சூட்டில் வலுவையும் இழக்கும்.

முழு ஆர்ம் என்றால் இரண்டு புஷ்ஷும், பல வண்டிகளில் பால் ஜாயிண்டும் சேர்ந்தே வரும். பிரஸ் தேவையில்லை, வேலை பாதி நேரத்தில் முடியும். இதன் பலவீனம் தரம். மலிவு ஆர்மில் இரும்பு நன்றாகவே இருக்கலாம். அதில் வரும் ரப்பர்தான் சீக்கிரம் விரிசல் விடும். அப்போது மறுபடி அதே 'டொக்'.

தீர்ப்பு பால் ஜாயிண்டைப் பொறுத்தது. அது ஆர்மோடு ரிவெட் அடித்தோ அழுத்தியோ பொருத்தப்பட்டு, ஆட்டமும் இருந்தால் முழு ஆர்ம்தான் சரி. பால் ஜாயிண்ட் விட்டுப்போனால் சக்கரம் மடிந்து விழும், அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஆர்மின் தகடு மடிப்புகளில் துரு தின்றிருந்தாலும், கல்லில் அடிபட்டு வளைந்திருந்தாலும் இதே முடிவு. ஆர்ம் நேராக, ஜாயிண்ட் இறுக்கமாக இருந்து புஷ் மட்டும் பிரிந்திருந்தால், வண்டித் தயாரிப்பாளரின் தரத்திலான புஷ்ஷைப் பழைய ஆர்மில் ஏற்றுவது மலிவான புது ஆர்மைவிட நிச்சயம் மேல்.

எந்த வழியில் போனாலும் ஒரு தவறு இரண்டையும் கெடுக்கும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்டை இறுக்கிவிடுவதுதான் அது. ரப்பர் புஷ்ஷின் உள் ஸ்லீவ் இறுகியதும் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிலேயே நிற்கும், சில மாதங்களில் கிழியும். தூக்கும் முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து குறித்து வையுங்கள். போல்டைக் கையால் மட்டும் ஏற்றி, ஆர்மின் வெளி முனைக்குக் கீழே ஜாக் கொடுத்து அதே அளவு வரும்வரை உயர்த்தி, பிறகு டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) உங்கள் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள்.

ரப்பரா, பாலியூரித்தேனா என்பது அடுத்த வாக்குவாதம். பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அஞ்சாது, நீண்ட நாள் வரும், பெரும்பாலும் இரண்டு பாதியாக வருவதால் கையாலேயே ஏற்றலாம். உள் ஸ்லீவ் தனியாகச் சுழல்வதால் முறுக்குப் பிரச்சினையும் இல்லை. ஆனால் அது ரப்பரைவிடக் கடினம், சாலையின் ஒவ்வொரு அதிர்வையும் உள்ளே கொண்டுவரும். சிலிக்கான் கிரீஸ் காய்ந்தால் கீச்சிடும். சத்தத்தைப் போக்க இறங்கிய வேலையில் வேறொரு சத்தத்தைக் கொண்டுவருவது எதற்கு? அன்றாட ஓட்டத்துக்கு ரப்பர்தான். குறிப்பாக, உள்ளே திரவம் நிரப்பிய பின்பக்க புஷ் உள்ள வண்டிகளில் வேறெதையும் நினைக்க வேண்டாம்.

ஸ்ட்ரட் பக்கம் மூன்று வழி உண்டு: மவுண்ட் மட்டும், ஸ்ட்ரட்டும் மவுண்டும், ஸ்பிரிங்கோடு தயாராக வரும் முழு செட். மவுண்ட் மாற்றவே ஸ்பிரிங்கை அழுத்திக் கழற்ற வேண்டும். கூலி ஏறக்குறைய ஒன்றே. அதனால் ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்திருந்தால் மவுண்டை மட்டும் மாற்றுவதில் லாபமில்லை. இலேசான எண்ணெய்ப் படலம் மட்டும் என்றால் பரவாயில்லை. முழு செட்டில் ஸ்பிரிங்கை அழுத்தும் ஆபத்து இல்லை, ஆனால் அதிலுள்ள ஸ்பிரிங் வண்டியின் அசல் உயரத்தையும் கடினத்தையும் அப்படியே தராமல் போகலாம். உங்கள் ஸ்பிரிங் உடையாமல் இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஸ்ட்ரட், மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது மோதலைத் தாங்கும் கட்டை), தூசி உறை எல்லாவற்றையும் இரு பக்கமும் ஒரே தடவையில் மாற்றுவது நல்லது. ஸ்பிரிங் கம்ப்ரஸர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றவே கூடாது. மாட்டும்போது பிஸ்டன் ராடை பிளையரால் பிடித்தால் குரோம் கீறி, அங்கிருந்தே சீல் கசியத் தொடங்கும்.

ஆர்மோ ஸ்ட்ரட்டோ மாற்றிய அன்றே வீல் அலைன்மென்ட் செய்துவிடுங்கள். டை ராடில் ஆட்டம் இருந்தால் அதை அதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பிறகு மாற்றினால் அலைன்மென்ட்டுக்கு இரண்டாவது தடவை காசு கொடுக்க வேண்டிவரும்.